கணேஷ் சங்கர் வித்யார்த்தியும் காலியாகக் கிடந்த கீழ் வீடும்

கான்பூருக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தபோது இந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்தது மூன்றே விஷயம். தோல் பதனிடும் தொழில், ஐ.ஐ.டி., அழுக்கான கங்கை. விருதுநகர்ப் பக்கத்துக்காரன், படித்தது பி.காம். வரலாறு எல்லாம் பத்தாம் வகுப்போடு சரி. ஆகவே கீழே எழுதியிருப்பதை ஒரு பேராசிரியர் எழுதியதாக நினைக்காமல், பேலன்ஸ் ஷீட் பார்த்துப் பழகிய ஒருவன் எழுதியதாக நினைத்துப் படியுங்கள்.

இங்கே வந்த புதிதில் ஆட்டோக்காரர்கள் வாயில் அடிக்கடி அடிபட்ட பெயர் ஜி.எஸ்.வி.எம். மருத்துவக் கல்லூரி. அந்த ஜி.எஸ்.வி. யார் என்று நான் யாரையும் கேட்கவில்லை. நம்மூரில் மட்டும் என்ன வாழ்கிறது, தெருப்பெயர்களில் இருப்பவர்கள் எல்லாம் யாரென்று தெரிந்தா நடக்கிறோம்?

பிறகு ஒருநாள் மகள் ஒன்பதாம் வகுப்பு ஹிந்திப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். (என்னைப் போன்ற அப்பாக்களுக்கு இது ஒரு அவமானம். வீட்டில் ஹிந்தி டியூஷன் நமக்குத்தான் தேவைப்படுகிறது.) பாடத்தின் பெயர் 'தர்ம் கீ ஆட்', அதாவது 'மதத்தின் மறைவில்' என்று வைத்துக்கொள்ளலாம். எழுதியவர் கணேஷ் சங்கர் வித்யார்த்தி. "அப்பா, இவர் நம்ம கான்பூர்தான். ஜி.எஸ்.வி.எம்.ல வர்ற ஜி.எஸ்.வி. இவர்தான்" என்றாள். அவள் வரிவரியாக அர்த்தம் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அவர் கதை.

கரன்சி ஆபீஸ் குமாஸ்தா

வித்யார்த்தி பிறந்தது 1890 அக்டோபர் 26, அலகாபாத்தில். அப்பா பள்ளிக்கூட ஆசிரியர். குடும்பத்தில் பணக்கஷ்டம், கல்லூரிப் படிப்பைத் தொடர முடியவில்லை. 'வித்யார்த்தி' என்பது அவராக வைத்துக்கொண்ட பெயர். கடைசிவரை மாணவன் என்று அர்த்தம்.

வங்கிக்காரனான எனக்குப் பிடித்த தகவல் இது: 1908 இல் அவருக்குக் கிடைத்த வேலை கான்பூர் கரன்சி ஆபீசில். மாதச் சம்பளம் முப்பது ரூபாய். அந்தக் காலத்தில் அது ஒரு குடும்பத்துக்குப் போதுமான காசு. ஆனால் வெள்ளைக்கார மேலதிகாரியோடு தகராறு வந்தது, வேலையை விட்டுவிட்டார். பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தார். பிறகு மகாவீர் பிரசாத் துவிவேதியின் 'சரஸ்வதி' பத்திரிகையில் சேர்ந்தார். அப்புறம் மாளவியாவின் 'அப்யுதய்'. கடைசியில் 1913 நவம்பர் 9 அன்று, சில நண்பர்களோடு சேர்ந்து கான்பூரில் சொந்தமாக 'பிரதாப்' என்ற வாரப் பத்திரிகை தொடங்கினார். 1920 இல் அது நாளிதழும் ஆனது.

அந்த 1913 ஆம் ஆண்டைக் கொஞ்சம் கவனியுங்கள். அதே ஆண்டு ஜூலையில் கான்பூர் மச்லி பஜார் மசூதியில், தொழுகைக்கு முன் கைகால் கழுவும் இடத்தைச் சாலை போடுவதற்காக நகராட்சி இடித்தது. ஆகஸ்ட் 3 அன்று திரண்ட கூட்டத்தின்மீது போலீஸ் சுட்டது, பலர் செத்தார்கள். கடைசியில் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் நேரிலேயே கான்பூர் வந்து சமாதானம் செய்ய வேண்டியிருந்தது. ஆக, வழிபாட்டு இடம் என்பது எவ்வளவு சீக்கிரம் தீப்பிடிக்கும் சமாசாரம் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்த ஊரில்தான் 'பிரதாப்' பிறந்தது.

பத்திரிகை யாருக்கும் பயப்படவில்லை. 1921 ஜனவரியில் ரேபரேலி பக்கம் முன்ஷிகஞ்சில் விவசாயிகள்மீது துப்பாக்கிச்சூடு நடந்தபோது, அதில் சம்பந்தப்பட்ட ஜமீன்தாரைப் பற்றி எழுதினார்கள். ஜமீன்தார் வழக்குப் போட்டார், வித்யார்த்தி ஜெயிலுக்குப் போனார். அதற்கு முன்பே கான்பூர் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றவர். ஜெயிலில் இருந்தபோது விக்டர் ஹ்யூகோவை ஹிந்தியில் மொழிபெயர்த்தார். வீட்டை விட்டு ஓடிவந்த ஒரு பஞ்சாப் இளைஞருக்குப் 'பிரதாப்'பில் வேலையும் இருக்க இடமும் கொடுத்தார். அந்த இளைஞர் அங்கே பல்வந்த் என்ற பெயரில் எழுதினார். நிஜப்பெயர் பகத்சிங்.

மேடைக்கு மதம் வந்த கதை

1919 முதல் 1922 வரை கிலாபத் இயக்கமும் ஒத்துழையாமை இயக்கமும் கைகோத்து நடந்தன. ஹிந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே மேடையில் நின்றார்கள். பார்க்க அழகான காட்சிதான். ஆனால் அந்த ஒற்றுமைக்கு அடியில் இருந்த காரணம், துருக்கியில் இருந்த கலீபாவின் பதவி. 1922 பிப்ரவரியில் சௌரிசௌரா சம்பவத்துக்குப் பின் காந்தி இயக்கத்தை நிறுத்தினார். 1924 மார்ச்சில் துருக்கியே கலீபா பதவியை ஒழித்துவிட்டது. காரணம் போனதும் மேடை சரிந்தது. ஆனால் மேடைக்கு அழைத்து வரப்பட்ட மதத்தலைவர்கள் மட்டும் இறங்கவில்லை.

அதன் பிறகு ஒரு பக்கம் சுத்தி, சங்கட்டன். இன்னொரு பக்கம் தப்லீக், தன்ஸீம். இவர்கள் மதம் மாற்ற அவர்கள், அவர்கள் படை திரட்ட இவர்கள். மசூதிக்கு முன்னால் மேளம் அடிக்கலாமா கூடாதா என்பது ஊருக்கு ஊர் தகராறு. 1924 இல் கோஹாட்டில் பெரிய கலவரம். காந்தி டெல்லியில், மௌலானா முகமது அலியின் வீட்டிலேயே 21 நாள் உண்ணாவிரதத்தைத் தொடங்கினார்.

இந்தக் காலத்தில்தான் வித்யார்த்தி அந்தக் கட்டுரையை எழுதினார். சாரத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். சாதாரண ஜனங்களுக்கு மதம் என்றால் என்னவென்று தெரியாது, ஆனால் அதற்காக உயிரைக் கொடுக்கவும் எடுக்கவும் தயார். நாலு கெட்டிக்காரர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு, அந்த ஜனங்களின் மூளையை அடகு வாங்கி, கடவுளின் பெயரில் தங்கள் பதவியைப் பெருக்கிக்கொள்கிறார்கள். சங்கு ஊதுவதும் ஐந்து வேளை தொழுவதும் மட்டுமே மதமாகிவிடாது. நடத்தை ஒழுங்காக இல்லாத பக்தனைவிட, மனிதர்களுக்கு நல்லது செய்யும் நாத்திகன் எவ்வளவோ மேல்.

இன்னொன்றையும் அவர் ஒளிக்காமல் எழுதினார். சுதந்திரப் போராட்டத்துக்குள் முல்லாக்களையும் தர்மாசாரியர்களையும் கூட்டிவந்தது நாம் செய்த தப்பு என்று. இந்த 'நாம்' முக்கியம். அவர் காங்கிரஸ்காரர், மாகாண காங்கிரஸின் தலைமைப் பொறுப்பு வகித்தவர். எதிராளியின் கணக்கை ஆடிட் செய்வது சுலபம். அவர் தன் வீட்டுக் கணக்கை முதலில் ஆடிட் செய்தார்.

1931 மார்ச்

மார்ச் 5: காந்தி - இர்வின் ஒப்பந்தம். கைதிகள் விடுதலை ஆனார்கள். வித்யார்த்தியும் மார்ச் 9 அன்று வெளியே வந்தார்.

மார்ச் 23: லாகூரில் பகத்சிங், ராஜகுரு, சுகதேவ் தூக்கிலிடப்பட்டார்கள்.

மார்ச் 24: கான்பூரில் துக்க ஹர்த்தால். கடைகளை அடைக்கச் சொல்லித் தொண்டர்கள் தெருத்தெருவாகப் போனார்கள். முஸ்லிம் கடைக்காரர்கள் சிலர் அடைக்க மறுத்தார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் காசியில் அந்நியத் துணி விற்ற ஒரு முஸ்லிம் வியாபாரி கொல்லப்பட்டு, அங்கே கலவரம் நடந்து ஓய்ந்திருந்தது. அந்தக் கோபம் ஆறவில்லை. அடை, அடைக்க மாட்டேன் என்று ஆரம்பித்தது கல்வீச்சாகி, மாலைக்குள் கொலையும் தீவைப்புமாக ஆகிவிட்டது.

கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். பகத்சிங் நாத்திகர். தூக்குக்குச் சில மாதம் முன்புதான் ஜெயிலில் உட்கார்ந்து நான் ஏன் நாத்திகன் என்று எழுதியவர். அவருடைய சாவுக்குத் துக்கம் கொண்டாடப் போய், மதத்தின் பெயரால் நூற்றுக்கணக்கானவர்கள் வெட்டிக்கொண்டு செத்தார்கள். (அதே வாரம் நம் ஈரோட்டில் பெரியார், மார்ச் 29 தேதியிட்ட 'குடிஅரசு' இதழில் பகத்சிங் பற்றித் தலையங்கம் எழுதினார். ஒரே சாவு, இரண்டு ஊரில் இரண்டு விதமான துக்கம்.)

நிர்வாகம் என்ன செய்தது? முதல் சில நாட்கள் கிட்டத்தட்ட கையைக் கட்டிக்கொண்டு பார்த்தது. பிறகு அரசாங்கமே அமைத்த விசாரணைக் குழுவும் மாவட்ட நிர்வாகத்தின் மந்தத்தைக் கண்டித்தது.

வித்யார்த்தி 24 ஆம் தேதியே தெருவில் இறங்கிவிட்டார். கையில் ஆயுதம் கிடையாது, சில தொண்டர்கள் மட்டும் உடன். 25 ஆம் தேதி ஹிந்துக்கள் அதிகம் இருந்த பகுதிகளில் மாட்டிக்கொண்ட முஸ்லிம் குடும்பங்களை வீடு வீடாகப் போய் வெளியே கொண்டுவந்து, பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பினார். அங்கே அவர் முன்னால் நின்றது ஹிந்துக் கும்பல். அவருடைய ஊர்க்காரர்கள், அவர் பத்திரிகையைப் படிப்பவர்கள், அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள்கூட அதில் இருந்திருக்கலாம். அதன்பிறகு முஸ்லிம்கள் அதிகம் இருந்த பகுதியில் ஹிந்துக்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அங்கே போனார். அங்கே இருந்த கும்பல் அவரைக் கொன்றுவிட்டது.

அந்தக் கடைசி நிமிஷத்தைச் சுற்றி சினிமா வசனங்கள் நிறைய முளைத்திருக்கின்றன. நமக்கு அவை வேண்டாம், நடந்ததே போதும். இரண்டு நாள் கழித்து, மார்ச் 27 அன்று, மருத்துவமனையில் குவிந்துகிடந்த பிணங்களுக்கு நடுவில் அவர் உடல் கிடைத்தது. முகம் அடையாளம் தெரியாத அளவுக்கு வீங்கியிருந்தது. கதர்ச் சட்டையையும் பையில் இருந்த கடிதங்களையும் வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். வயது நாற்பது. இதை எழுதும் எனக்கு அவரைவிட வயது அதிகம்.

ஒரு கேள்வி

இந்தக் கதையை ஆபீசில் ஒரு நண்பரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பாத்தீங்களா சார், யாரைக் காப்பாத்தினாரோ அவங்களே கொன்னுட்டாங்க. இதுதான் பாடம்."

அவர் கெட்டவர் இல்லை. ரத்த தானம் செய்பவர், அவசரம் என்றால் ராத்திரி இரண்டு மணிக்கும் ஓடிவருபவர். ஆகவே இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லியாக வேண்டும்.

கொன்றது முஸ்லிம் கும்பல். இதை மறைத்தால் வித்யார்த்திக்கே துரோகம், அவர் எதையும் மறைத்து எழுதியவர் இல்லை. ஆனால் காலையில் அவர் முஸ்லிம் குடும்பங்களை எந்தக் கும்பலிடமிருந்து காப்பாற்றினார் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும் அல்லவா? சில மணி நேரம் முன்னால், வேறொரு தெருவில், வேறொரு கும்பல் ஒரு கல்லைக் கொஞ்சம் குறி பார்த்து எறிந்திருந்தால் கொலையாளியின் மதம் மாறியிருக்கும். அப்போது அந்தப் பக்கத்தில் ஒருவர் இதே வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுச் சொல்லியிருப்பார். கணக்கில் பற்றை மட்டும் எழுதி வரவை மறைத்தால் எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் மோசடி. வரலாற்றிலும் அதே பெயர்தான்.

அவர் ஏமாளியும் இல்லை. யாரை நம்பி எங்கே போகிறோம் என்று தெரியாமல் போனவர் இல்லை. இரண்டு பக்கத்து மதவெறியையும் பத்து வருஷமாகப் பெயர் சொல்லி எழுதியவர். அவர்கள் திருந்திவிட்டார்கள் என்று நம்பி அவர் போகவில்லை. உள்ளே ஆட்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களை வெளியே கொண்டுவர வேண்டும் என்பதற்காகப் போனார். சகிப்புத்தன்மை என்றால் எல்லோரும் நல்லவர்கள் என்று கண்ணை மூடிக்கொள்வது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எவ்வளவு கெட்டது நடக்கிறது என்று நன்றாகத் தெரிந்த பிறகும் ஆளை மதத்தை வைத்து எடை போட மறுப்பது என்பதை இவர்தான் எனக்குக் காட்டினார்.

அதற்குப் பிறகு

செய்தி கராச்சிக்குப் போனது. அந்த மார்ச் மாதக் கடைசியில் அங்கே படேல் தலைமையில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. இப்படி ஒரு சாவைக் கண்டு நாம் எல்லோரும் பொறாமைப்பட வேண்டும் என்ற பொருளில் காந்தி பேசினார், எழுதினார். கான்பூர் கலவரத்தை விசாரிக்க பகவான் தாஸ் தலைமையில் ஹிந்துக்களும் முஸ்லிம்களும் கலந்த ஆறு பேர் குழுவைக் காங்கிரஸ் நியமித்தது. அவர்கள் கலவரத்தோடு நிற்கவில்லை. இந்த இரண்டு சமூகங்களும் பல நூற்றாண்டு எப்படிச் சேர்ந்து வாழ்ந்தன, பகை எப்படி அரசியலால் வளர்க்கப்பட்டது என்று நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதினார்கள். 1933 இல் அறிக்கை வெளிவந்தது. பிரிட்டிஷ் அரசாங்கம் அதைத் தடை செய்தது. வெட்டுக்குத்தைத் தடுக்க நேரம் கிடைக்காத அரசாங்கத்துக்குப் புத்தகத்தைத் தடுக்க நேரம் கிடைத்தது.

அதே கராச்சி மாநாட்டில்தான் அடிப்படை உரிமைகள் பற்றிய தீர்மானம் நிறைவேறியது. அதில் ஒரு அம்சம், எல்லா மதங்கள் விஷயத்திலும் அரசு நடுநிலை வகிக்க வேண்டும் என்பது. வித்யார்த்தி இறந்ததால்தான் அது வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பந்தலில் இருந்த ஒவ்வொருவருக்கும் கான்பூரில் என்ன நடந்தது என்று தெரியும். 1950 இல் வந்த நம் அரசியல் சட்டத்தின் 25 ஆவது பிரிவு, எல்லோருக்கும் மனசாட்சிச் சுதந்திரத்தையும் மதச் சுதந்திரத்தையும் கொடுத்தது. அதைப் படிக்கும்போது எனக்கு மருத்துவமனையில் கிடந்த அந்தக் கதர்ச் சட்டை ஞாபகம் வருகிறது.

இனி என் கதை

மகள் பாடம் படித்ததற்கு முந்தைய வருஷம் எங்கள் கிளைக்குக் கீழக்கரைக்காரத் தம்பி ஒருவர் புது ஆபீசராக வந்தார். ஆபீசில் 'சார்', வெளியே வந்தால் 'அண்ணே'. சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சாப்பாடு. என் மனைவி வைக்கும் புளிக்குழம்பு அவருக்கு ஊரை ஞாபகப்படுத்தும். கல்யாணம் ஆகி மனைவியைக் கூட்டிவர வீடு தேடினார்.

நான் இருந்தது மாடியில், கீழ் வீடு காலி. வீட்டுக்காரர் எனக்கு நல்ல பழக்கம். போய்ச் சொன்னேன். "உங்க ஊர்ப் பையனா, ரொம்ப சந்தோஷம், பேர் என்ன?" என்றார். சொன்னேன். அவர் சிரித்த முகம் மாறாமல், "அடடா, வேறொருத்தருக்கு வாக்குக் கொடுத்துட்டேனே" என்றார். அப்படி யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு மாடி ஏறி வந்துவிட்டேன்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் என்னை வெட்டியிருக்க மாட்டார்கள். அதிகம் போனால் வீட்டை மாற்றச் சொல்லியிருப்பார். அதுவும் சந்தேகம்தான், மாதம் முதல் தேதி வாடகை கொடுப்பவனை யாரும் விட மாட்டார்கள். தம்பியிடம் "வேற யாருக்கோ பேசிட்டாராம்" என்றேன். "பரவாயில்லண்ணே" என்றார். அவருக்கும் தெரிந்திருக்கும். அந்த வீடு இரண்டு மாதம் பூட்டியே கிடந்தது. ஒவ்வொரு நாளும் அந்தப் பூட்டைத் தாண்டித்தான் நான் ஆபீஸ் போனேன். அடுத்த வருஷம் அவர் லக்னோவுக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

பாடம் கேட்ட அன்று தூக்கம் வராததற்குக் காரணம் இதுதான். முப்பது ரூபாய் சம்பளத்தைத் தூக்கிப் போட்டவர் ஒரு பக்கம், ஒரு டீயைக் கீழே வைக்கத் தைரியம் இல்லாதவன் இன்னொரு பக்கம்.

பிறகு தம்பிக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "அதை இன்னுமா நெனச்சிட்டிருக்கீங்க? அக்காவ நல்லா இருக்காங்களான்னு கேட்டேன்னு சொல்லுங்க" என்றார். அவர் பெருந்தன்மை என் கணக்கை நேர் செய்துவிடாது.

ஊரை விட்டு வந்து வாழும் நம் எல்லோருக்கும் 'வெளியாள்' என்பது என்னவென்று தெரியும். மதராஸி என்று கேலி கேட்டிருக்கிறோம், வாடகைக்கு வீடு கிடைக்காமல் அலைந்திருக்கிறோம். அப்படிப்பட்ட நாமே இன்னொருவருக்கு வீடு மறுக்கப்படும்போது சும்மா இருந்தால், பட்ட கஷ்டம் நமக்கு எதையும் கற்றுத்தரவில்லை என்று அர்த்தம்.

வித்யார்த்தி மாதிரி தெருவில் இறங்க எல்லோராலும் முடியாது. என்னால் முடியாது, பொய் சொல்லவில்லை. ஆனால் கும்பல் என்பது மார்ச் 24 அன்று காலையில் திடீரென்று முளைத்துவிடவில்லை. அதற்கு முன்னால் பத்து வருஷம், வீட்டுத் திண்ணையிலும் டீக்கடையிலும், நல்லவர்கள் பலர் சிரித்த முகத்தோடு சொன்னதையெல்லாம் மற்ற நல்லவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் "ஏன்?" என்று ஒரு வார்த்தை கேட்பது நம் சக்திக்கு உட்பட்டதுதான்.

அடுத்த முறை டீயைக் கையில் வாங்குவதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும் என்று இருக்கிறேன். உங்கள் ஊரிலும் பூட்டிக் கிடந்த கீழ் வீடு ஏதாவது இருந்திருக்கும். இருந்தால் எழுதுங்கள்.